கிறிஸ்தவர்: அந்தியோகியா வைத்த பெயர்

கிறிஸ்தவர், கிறிஸ்துவர், கிறித்தவர் என்று மூன்று விதமாக எழுதுகிறோம். எது சரி? அதற்கு முன், சொல் பிறந்த ஊருக்கு ஒருமுறை போய் வரவேண்டும்.

அந்தியோகியா. செலூக்கஸ் மன்னர் கி.மு. 300இல் ஒரண்டீஸ் ஆற்றங்கரையில் கட்டிய நகரம், கி.மு. 64இல் ரோமர் வசமானது. சிரியா மாகாணத்தின் தலைநகர் என்பதால் கிரேக்கர், சிரியர், யூதர், ரோமப் படையினர் எல்லோரும் புழங்கிய ஊர். எருசலேமில் இயேசுவின் சீடர் ஸ்தேவான் கொல்லப்பட்டபின் சிதறிய சீடர்களில் சிலர் இங்கே வந்து, யூதரல்லாதவர்களிடமும் இயேசுவைப் பற்றிப் பேசினார்கள். அந்தச் சீடர்களின் போதகர்களான பர்னபாவும் பவுலும் ஓராண்டு தங்கிப் போதித்தார்கள். இங்கேதான் சீடர்களுக்கு முதன்முதலாக அந்தப் பெயர் வழங்கியது என்கிறது புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் 11:26.

அவர்களாகவே வைத்துக்கொண்ட பெயராகத் தெரியவில்லை. தங்களுக்குள் சகோதரர், சீடர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். எதிர்த்த யூதர்கள், இயேசுவின் ஊரான நாசரேத்தை வைத்து, நசரேயர் என்றார்கள். இயேசுவை மேசியாவாக, அதாவது யூதர் எதிர்பார்த்த கிறிஸ்துவாக, ஏற்காதவர்கள் 'மேசியாவின் ஆட்கள்' என்று அழைப்பார்களா? ஊரிலிருந்த மற்றவர்கள் வைத்திருக்க வேண்டும். சொல்லின் அமைப்பும் அப்படித்தான் இருக்கிறது: முன்பாதி கிரேக்கம், பின்னால் ஒட்டிய 'இயானுஸ்' என்ற விகுதி லத்தீன். ஒரு தலைவரைச் சேர்ந்தவர் என்பது அதன் பொருள். 'அவர் யாரோட ஆள்?' என்று நாம் கேட்கிறோமே, அந்த 'ஆள்'தான் அது.

சரி, கிறிஸ்து என்றால்? எண்ணெய் பூசப்பட்டவர். மேசியா என்ற எபிரேயச் சொல்லின் நேர் கிரேக்கம். இஸ்ரவேலில் அரசரையும் குருவையும் தலையில் எண்ணெய் ஊற்றித்தான் ஏற்படுத்தினார்கள். பழைய தமிழ் வேதாகமம் 'அபிஷேகம்பண்ணப்பட்டவர்' என்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 'அருள்பொழிவு பெற்றவர்' என்கிறது. இரண்டாவது நல்ல தமிழ். ஆனாலும் எண்ணெயின் வாசனை முதலாவதில்தான் இருக்கிறது.

நம் கிராமங்களிலும் அந்தியோகியாவில் நடந்ததுபோல ஒன்று நடந்தது. கையில் வேதப்புத்தகம் வைத்திருந்தவர்களை ஊர் 'வேதக்காரர்' என்றது. அவர்களின் ஆலயம் 'வேதக்கோயில்' ஆனது. யாரும் மொழிபெயர்க்காமல் பிறந்த அருமையான தமிழ்ச்சொல். இன்று பெரியவர்கள் பேச்சில் மட்டும் மிஞ்சியிருப்பது எனக்கு வருத்தம்தான்.

இனி எழுத்துக்கு வருவோம். 'பத்து'டன் 'ஆண்டு' சேரும்போது உகரம் கெட்டுப் 'பத்தாண்டு' ஆகிறது. அதேபோல் 'கிறித்து'வுடன் 'அவர்' சேர்ந்தால் 'கிறித்தவர்'. கிரந்த எழுத்து வேண்டுமென்பவர்கள் 'கிறிஸ்தவர்' என்று எழுதலாம். உகரத்தை விடாமல் வகரம் சேர்த்த 'கிறிஸ்துவர்' பேச்சில் இருக்கட்டும், எழுத்தில் வேண்டாம்.