உருளைச் செடிக்குக் குளிர் எதற்கு?

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் லயத்து வாசலில் நாலு உரச்சாக்கில் மண் நிரப்பி உருளைக்கிழங்கு நட்டால், கறிக்கு ஆகிற மாதிரி ஏதாவது கிடைத்துவிடும். அதே விதைக் கிழங்கைக் கொழும்பில் ஒரு மொட்டைமாடியில் நட்டால் செடி வரும், கிழங்குதான் பேருக்கு இருக்கும். மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. வித்தியாசம் இரவில் இருக்கிறது.

நாம் சாப்பிடும் உருளைக்கிழங்கு வேர் இல்லை, தண்டு. மண்ணுக்குள் இருக்கும் அடித்தண்டிலிருந்து வெள்ளை நிறத்தில் மெல்லிய பக்கத்தண்டுகள் கிளம்பும். அவற்றின் நுனி நீளுவதை நிறுத்திவிட்டுப் பருக்கத் தொடங்கினால் அது கிழங்கு. எப்போது பருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இலைதான். இரவு நீளமாகவும் குளிராகவும் இருந்தால் இலையில் ஒரு புரதம் உருவாகி, சர்க்கரைச் சாறு ஓடும் வழியாகவே இறங்கி நுனிக்குச் சேதி சொல்கிறது. வெப்பம் கூடினால் அந்தப் புரதம் குறைந்துபோகும். அதோடு, பகலில் இலை சேர்த்த சர்க்கரையைச் செடி வெப்பமான இரவில் சுவாசத்துக்கே அதிகம் செலவழித்துவிடும். இரவு 20 பாகை செல்சியஸைத் தாண்டினால் விளைச்சல் இறங்குவது இந்த இரண்டாலும்தான்.

ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு அந்தக் கவலை இல்லை. பகலும் இரவும் இங்கே வருடம் முழுக்கக் கிட்டத்தட்டச் சமம், ஆகவே இரவின் நீளத்துக்கும் குறையில்லை. உருளையின் தாய்நிலமான தென் அமெரிக்க அந்தீஸ் மலையிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

இரவு சரியாக இருந்தும் கிழங்கு வைக்காமல் போவதுண்டு. பெரும்பாலும் யூரியாதான் காரணம். தழைச்சத்து மிதமிஞ்சினால் செடி இலை விடுவதிலேயே இருக்கும், கிழங்கு வைப்பதைத் தள்ளிப்போடும். இடுப்பளவு வளர்ந்த செடியைப் பார்த்துச் சந்தோஷப்பட அவசரம் வேண்டாம்.

செடி ஒரு சாண் உயர்ந்ததும் மண் அணைக்கிறோமே, அது முக்கியமாக வெளிச்சத்தை மறைக்கத்தான். வெயில் பட்ட கிழங்கு பச்சையாகும். அந்தப் பச்சை வெறும் பச்சையம், அதனால் ஒன்றுமில்லை. ஆனால் அதே வெளிச்சம் சொலனின் என்ற கசப்பு நஞ்சையும் கூட்டுகிறது, அவித்தாலும் அது போகாது. சாக்கை உயர்த்தி உயர்த்தி மண் போட்டால் மாடி மாடியாகக் கிழங்கு வைக்கும் என்று யூடியூப்பில் காட்டுவதை நான் நம்புவதில்லை. கிழங்கை நிரப்புவது இலை பிடிக்கும் வெயில். சாக்கு எவ்வளவு உயர்ந்தாலும் இலைப்பரப்பு அதேதான்.

தேயிலை மலை மண் புளிப்பு மண். உருளைக்கு அது நல்லதே: தோலில் சொரி உண்டாக்கும் நுண்ணுயிர் புளிப்பில் அடங்கிக்கிடக்கும். கோவாவுக்கு, அதாவது முட்டைக்கோசுக்கு, நேர்மாறு. வேரை முண்டுமுண்டாக வீங்கவைக்கும் நோய் புளிப்பு மண்ணில்தான் வேகமாகப் பரவும். ஆகவே மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூளைத் தூவுவதென்றால் கோவாப் பாத்திக்குத் தூவுங்கள், உருளைச் சாக்கை விட்டுவிடுங்கள்.

சரி, மண் ஈரமாக இருந்தும் செடி பச்சையாகவே வாடினால்? அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால்போல வெள்ளை இழை கீழே இறங்கினால் அது பக்டீரியா வாடல். தண்டின் குழாய்களை அடைத்திருந்த கிருமிக் கூட்டம்தான் அப்படி வழிகிறது. இதற்கு மருந்து அடித்துப் பிரயோசனம் இல்லை. செடியை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள், அதிலிருந்து விதைக் கிழங்கு எடுக்கவே வேண்டாம். அப்புறம் அந்த இடத்தில் தக்காளி, மிளகாய், கத்தரி எதுவும் நடக்கூடாது. எல்லாம் உருளையின் சொந்தக்காரர்கள், அதே கிருமிக்கு இரையாவார்கள். லீக்ஸோ கரட்டோ போடலாம்.