கம்யூனியனில் யூனியன் இல்லை

“கம்யூனியன் என்றால் ‘கம்’ சேர்த்த ‘யூனியன்’தானே? ஒன்றாதல் என்பதுதானே அதன் வேர்ப்பொருள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் கிறிஸ்தவச் சடங்கின் பெயரைத்தான் கேட்கிறார். பார்த்ததும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ‘ஒன்று’ இல்லை. இருப்பது ‘கொடுக்கல் வாங்கல்’.

இலத்தீனில் ‘கொம்’ என்ற முன்னொட்டுக்கு ‘கூட, சேர்ந்து’ என்று பொருள். அடுத்து வரும் ஒலிக்கேற்ப அது கொன், கொல், கொர் என்று திரியும். தமிழ் இலக்கணத்தில் சொற்கள் சேரும்போது எழுத்துகள் திரியும் புணர்ச்சியைப் போலத்தான். கம்யூனியனின் மூலமான ‘கொம்மூனியோ’, ‘கொம்மூனிஸ்’ (பொதுவான) என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லில் முன்னொட்டுக்குப் பின் நிற்பது ‘மூனுஸ்’. கடமை, பதவி, பரிசு என்று அதற்கு மூன்று பொருள். ‘மாற்றிக்கொள்’ என்று பொருள்படும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து அது வந்தது. சமஸ்கிருதத்தின் ‘மயதே’ (மாற்றிக்கொள்கிறான்) அதே வேர். பெற்றவர் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கட்டு இருப்பதால்தான் பரிசும் கடமையும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. அந்தக் கடமையிலிருந்து விலக்குப் பெற்றவர் ‘இம்மூனிஸ்’. மருத்துவத்தின் இம்யூனிட்டி இங்கிருந்து போனது. கடமையை ஏற்றவர்களின் ஊர் ‘மூனிகிப்பியும்’. நம்மூர் முனிசிபாலிட்டி அதன் பேத்தி.

‘ஊனுஸ்’ (ஒன்று) இதில் இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வது? இதற்கு அருமையான சாட்சி ஒன்று இருக்கிறது. கி.மு. 186இல் உரோமைச் செனட், மதுக் கடவுளான பாக்கஸின் வழிபாட்டுக் குழுக்களை ஒடுக்க ஓர் ஆணை பிறப்பித்தது. அதன் வெண்கலத் தகடு 1640இல் தென் இத்தாலியின் திரியோலோவில் கிடைத்தது. இப்போது வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து சடங்கு செய்யக் கூடாது, அதிலும் ஆண்கள் இருவருக்கு மேலும் பெண்கள் மூவருக்கு மேலும் கூடாது, பொதுப் பணம் வைத்திருக்கக் கூடாது என்கிறது ஆணை. அந்தப் ‘பொது’ என்ற சொல் தகட்டில் ‘கொமொய்னெம்’ என்று இருக்கிறது. பிற்கால எழுத்தில் அது ‘கொம்மூனெம்’. அதாவது ‘ஊ’ இருக்கும் இடத்தில் அன்று ‘ஒய்’ இருந்தது. அதே தகட்டில் ‘எல்லோரும் சேர்ந்து’ என்பது ‘ஒய்ன்வொர்ஸேய்’, பின்னாளில் ‘ஊனிவெர்ஸி’. ‘ஒன்று’ என்பதும் முன்பு ‘ஒய்னொஸ்’ ஆக இருந்தது. ஒலி மாறிய பாதை இரண்டுக்கும் ஒன்றுதான்.

சிக்கலும் இங்கேதான். இரண்டிலும் ‘ஒய்ன்’ இருக்கிறதே, ‘கொம்’ கூட ‘ஒய்ன்’ சேர்ந்து ‘கொமொய்ன்’ ஆகியிருக்கலாமே? தகட்டில் ஒரே ஒரு ‘ம்’தான் வேறு இருக்கிறது. ஆனால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. இரட்டித்த மெய்யை இரண்டு எழுத்தால் எழுதும் வழக்கம் அந்தத் தகட்டில் இல்லை. ‘ஃபெகிஸ்ஸெ’ (செய்திருக்க) என்பதைக்கூட ஒற்றை ‘ஸ்’ போட்டே வெட்டியிருக்கிறார்கள். விடை யாப்பில் கிடைக்கிறது. இலத்தீன் செய்யுளில் ‘கொம்மூனிஸ்’ வரும் இடமெல்லாம் முதல் அசை நெடிய அசையாகவே அலகு பெறும். குறிலான ‘கொ’ அப்படி நிற்க வேண்டுமானால் பின்னால் இரண்டு மெய் இருந்தே ஆக வேண்டும்: முன்னொட்டின் ‘ம்’ ஒன்று, மூனுஸின் ‘ம்’ ஒன்று. மேலும் உயிருக்கு முன் இந்த முன்னொட்டு பெரும்பாலும் ‘ம்’ இழந்து ‘கொ’ ஆகிவிடும். ‘சேர்ந்து போ’ என்பது ‘கொயீரெ’. இதன் உறவுச் சொல்லான ஜெர்மனின் ‘கெமைன்’ (பொதுவான) கடைசிச் சாட்சி. ‘கெ’ முன்னொட்டு, ‘மைன்’ அடி. அங்கும் அடிச்சொல் ‘ம’வில்தான் தொடங்குகிறது.

ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக உறவு கட்டும் பழக்கத்தை நான் மூடநம்பிக்கையோடு சேர்த்தே வைப்பேன். தமிழ்ச் சொற்களுக்கும் இது தினமும் நடக்கிறது. மருந்து, பொறுமையான பதிவுகள்தான். இலத்தீன் பேரகராதிப் பணி ஜெர்மனியில் 1894இல் தொடங்கியது, ஏறத்தாழ ஒரு கோடிச் சீட்டுகளோடு இன்னும் முடியாமல் நடக்கிறது. இப்படி நூறாண்டு தாண்டியும் பணம் கொடுக்கும் மனம் தமிழ்ச் சொல் வரலாற்றுக்கும் வேண்டும்.

பங்கிடுவதற்கு இலத்தீனில் வேறு சொற்களும் உண்டு. ‘பார்ஸ்’ (பங்கு) கூட ‘கப்’ (எடு) சேர்ந்தால் ‘பர்த்திகெப்ஸ்’, பங்கெடுப்பவர். ‘கப்’ ஏன் ‘கெப்’ ஆனது? பழைய இலத்தீனில் அழுத்தம் முதல் அசையில் விழுந்ததால் உள்ளே மாட்டிய குறில் ‘அ’ நலிந்தது. மெய்யில் முடியும் அசையில் ‘எ’, உயிரில் முடியும் அசையில் ‘இ’. அதனால்தான் வேற்றுமை உருபு ஏறியதும் ‘பர்த்திகிபிஸ்’. ‘சொக்கியுஸ்’ (கூட்டாளி) ‘பின்தொடர்’ என்ற வேரைச் சேர்ந்தது, கூடவே வருபவர்.

கிரேக்க விவிலியத்தின் ‘கொய்னோனியா’ (பங்கு, கூட்டுறவு) என்ற ஒரே சொல்லுக்கு, வுல்காத்தா எனப்படும் பழைய இலத்தீன் விவிலிய மொழிபெயர்ப்பு இவை எல்லாவற்றையும் பயன்படுத்துகிறது. 1 கொரிந்தியர் 10:16இல் கிண்ணத்துக்கு ‘கொம்மூனிகாத்தியோ’, அப்பத்துக்கு ‘பர்த்திகிபாத்தியோ’. 1 யோவான் 1:3இல் ‘சொக்கியெதாஸ்’. எபிரெயர் 13:16இல் ‘கொம்மூனியோ’.

கிறிஸ்தவர்கள் தங்கள் நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தின் ‘ஸாங்க்தோரும் கொம்மூனியோ’ இன்னும் சுவையானது. ‘ஸாங்க்தோரும்’ என்ற ஆறாம் வேற்றுமைப் பன்மை ஆண்பாலுக்கும் அஃறிணைக்கும் ஒன்றே. ஆகவே ‘புனிதர்களின் உறவு’ என்றும் படிக்கலாம், ‘புனிதப் பொருள்களில் பங்கு’ என்றும் படிக்கலாம். இலக்கணம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து தராது.

பழைய தமிழ் விவிலியத்தில் கொரிந்தியர் வசனத்தின் இரண்டு இடத்திலும் ‘ஐக்கியம்’ வருகிறது. அது ‘ஏக’ என்பதிலிருந்து வந்தது. வாசகர் தேடிய ‘ஒன்று’ இங்கேதான் இருக்கிறது. அப்போஸ்தலர் 2:42இல் அதே கிரேக்கச் சொல்லுக்கு ‘அந்நியோந்நியம்’, ஒருவருக்கொருவர். எபிரெயர் 13:16இலோ, இலத்தீன் ‘கொம்மூனியோ’ என்ற இடத்தில், தமிழ் ‘தானதர்மம்’ என்கிறது.