காட்டு விலங்கின் கறி: ஃபிரீசரையும் நிறத்தையும் நம்பாதீர்கள்

2022 ஜூலையில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உறவினர்கள் 9 பேர் ஒன்றுகூடினார்கள். அவர்களில் ஒருவர் கனடாவில் வேட்டையாடிய கருங்கரடியின் கறி 45 நாள் வீட்டு ஃபிரீசரில் இருந்தது. அதைக் காய்கறிகளோடு கம்பியில் கோத்துச் சுட்டார்கள். கரடிக்கறி இயல்பிலேயே கருஞ்சிவப்பு என்பதால் வெந்ததா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. சிலர் வாயில் வைத்த பிறகுதான் வேகவில்லை என்று தெரிந்து, மறுபடி சுட்டார்கள். கடைசியில் 6 பேருக்கு நோய். அந்த 6 பேரில் 2 பேர் கறியைத் தொடவே இல்லை. கூடவே சுட்ட காய்கறியை மட்டும்தான் சாப்பிட்டார்கள்.

மருத்துவராக, காட்டுக் கறி பற்றி யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். காரணம் டிரைக்கினெல்லா என்ற நுண்புழு. கரடி, காட்டுப்பன்றி, வால்ரஸ் போன்ற விலங்குகளின் தசைக்குள் இதன் லார்வாக்கள் சுருண்டு கிடக்கும். பண்ணைப் பன்றியில் வரும் வகை, கறியைப் போதுமான நாள் உறைய வைத்தால் செத்துவிடும். குளிர்ப் பிரதேச விலங்குகளில் வாழும் வகை அப்படிச் சாகாது. உப்புக்கண்டம் போடுவது, புகையில் காட்டுவது, காரமாக மசாலா பூசி ஊற வைப்பது எதையும் நம்ப முடியாது. நம்பக்கூடியது சூடு ஒன்றுதான். துண்டின் தடித்த நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். இறைச்சித் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். மேலே கருகிவிட்டது என்பதற்காக உள்ளே வெந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

சமைப்பதற்கு முன்பே ஆபத்து தொடங்கிவிடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. துலரேமியா என்ற பாக்டீரியா நோய் பரவியுள்ள இடங்களில் காட்டுமுயலை வெறுங்கையால் உரித்தால், விரலில் ஒரு சின்னக் கீறல் போதும், கிருமி உள்ளே போய்விடும். சில நாளில் அந்த இடம் புண்ணாகும், அக்குளில் நெறி கட்டும், காய்ச்சல் அடிக்கும். கையுறை போடுவது கோழைத்தனம் இல்லை. அப்புறம், குண்டடிபட்ட விலங்கில் கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள்கள் காயத்தைத் தாண்டியும் சிதறியிருக்கும். சுற்றியுள்ள சதையைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். ஈயக் குண்டில் விழுந்த விலங்கின் கறியைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே வேண்டாம்.

எவ்வளவு வேக வைத்தாலும் சரியாகாததும் உண்டு. பனிக்கரடியின் ஈரலில் வைட்டமின் ஏ நஞ்சாகும் அளவுக்குச் சேர்ந்திருக்கிறது. 1597-ல் டச்சுக் கடலோடி வில்லெம் பாரெண்ட்ஸின் கப்பலாட்கள் அதைச் சாப்பிட்டு நோயில் விழுந்தபோது, அவர்களில் 3 பேருக்குத் தலை முதல் கால் வரை தோல் உரிந்தது.

பச்சையாகச் சாப்பிட்டால் உடம்புக்கு பலம் என்ற நம்பிக்கைதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. 2019-ல் மங்கோலியாவில் ஒரு தம்பதி அந்த நம்பிக்கையில் மார்மட் என்ற பெரிய தரை அணிலின் பச்சைச் சிறுநீரகத்தைச் சாப்பிட்டு, பிளேக் வந்து இறந்துபோனார்கள்.

நோயாளிகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். சாப்பிட்டதை மறைக்காதீர்கள். சட்டத்துக்குப் பயந்தோ கூச்சத்தாலோ பலர் வாய் திறப்பதில்லை. டிரைக்கினெல்லா வந்தால் முதலில் சாதாரண வயிற்றுப்போக்கு போலத்தான் இருக்கும். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், தசைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம் வரும். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை எகிறியிருக்கும். அதற்குள் சாப்பாட்டையே மறந்திருப்பார்கள். நாங்களும் வேறு காய்ச்சல்களைத் தேடிக்கொண்டிருப்போம். அல்பெண்டசோல் போன்ற புழுக்கொல்லி மருந்துகள், லார்வாக்கள் தசையில் குடியேறுவதற்கு முன் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் எந்த விலங்கு, எப்போது சாப்பிட்டீர்கள், எப்படிச் சமைத்தார்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஃபிரீசரில் மிச்சக் கறி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், சோதனைக்கு உதவும். கூடச் சாப்பிட்டவர்களுக்கும் உடனே ஒரு போன் போடுங்கள்.