பிராங்கோரியா: மூச்சுக்கிளைச் சளிப்பெருக்கு

நாள் ஒன்றுக்கு 100 மில்லிக்கு மேல் நீர்த்த சளி இருமலோடு வெளியே வந்தால், மருத்துவர்கள் அதைப் பிராங்கோரியா என்கிறார்கள். காற்றுக்குழாய்களை ஈரமாக வைத்திருக்க எல்லோருக்கும் தினமும் கொஞ்சம் சளி சுரக்கத்தான் செய்கிறது. அது மெல்லத் தொண்டைக்கு ஏறி வரும், நாமும் அறியாமலே விழுங்கிவிடுவோம். அந்தச் சுரப்பு கட்டுமீறிப் போவதுதான் பிராங்கோரியா. தனி நோய் அல்ல. வேறொரு நோயின் அறிகுறி.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'பிராங்கோஸ்' என்றால் மூச்சுக்குழாய், 'ரோயியா' என்றால் ஒழுக்கு. வயிற்றுப்போக்கைக் குறிக்கும் டயரியாவின் வாலும் இதே 'ரோயியா'தான். சளிக்குப் பழைய ஆங்கிலப் பெயரான கட்டார் என்பதும் இந்தக் குடும்பம்தான். 'கீழே வழிவது' என்று பொருள். மூளையிலிருந்து சளி கீழே இறங்குவதாக அக்காலத்தில் நம்பினார்கள். நம் ஊரிலும் தலையில் நீர் கோத்துக்கொண்டது என்கிறோம், நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுகிறோம்.

தமிழில் என்ன சொல்வது? கபம், ஐயம் இரண்டும் சித்த மருத்துவத்தில் முக்குற்றங்களில் ஒன்றின் பெயர்கள், பொருள் மிக அகன்றது. கோழை என்றால் கெட்டியானது, இங்கே வருவதோ தண்ணீர் போன்றது. சளி என்பது பொதுச்சொல், அதுவே போதும். கூட 'பெருக்கு' சேர்த்தால் அளவும் ஓட்டமும் சேர்ந்து வந்துவிடும். மூச்சுக்கிளைக்குழல் என்ற பாடநூல் சொல்லைச் சுருக்கி 'மூச்சுக்கிளைச் சளிப்பெருக்கு' என்பது என் தேர்வு. 'நுரையீரல் நீர்' என்று எழுதுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். இதயம் பலவீனமாகி நுரையீரலுக்குள் நீர் கோப்பது வேறு. நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் நீர் சேர்வது இன்னும் வேறு, அந்த நீர் இருமினால் வெளியே வராது.

காரணங்களில் நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி, ஆஸ்துமா, குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோகும் பிராங்கியெக்டாசிஸ், காசநோய் எல்லாம் உண்டு. நுரையீரல் புற்றுநோயில், சளி சுரக்கும் செல்களால் ஆன ஒரு வகை இருக்கிறது. அதில் சிலருக்கு லிட்டர் கணக்கில்கூட வரும். உடலின் நீரும் உப்பும் குறைந்து சோர்ந்துவிடுவார்கள். எக்ஸ்ரேயில் இந்தப் புற்றுநோய் நிமோனியா மாதிரியே தெரியும். ஆன்டிபயாடிக் கொடுத்தும் தெளியாத 'நிமோனியா'வை மறுபடி சோதிக்கச் சொல்வது அதனால்தான்.

காரணங்களில் சில மணி நேரத்தில் உயிரை வாங்கக்கூடியது ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து நஞ்சு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வயல் சார்ந்த ஊர்களின் மருத்துவமனைகளுக்கு இது புதிதல்ல. நரம்பு முனையில் வெளியாகும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை உடைக்கிற நொதியை இந்த நஞ்சு முடக்கிவிடும். உமிழ்நீர், வியர்வை, கண்ணீர் எல்லாம் பெருகும், கூடவே குழாய்களில் சளியும். குழாய்கள் இறுகும், இதயத்துடிப்பு குறையும். நோயாளி தன் சளியிலேயே மூழ்குகிறார் என்றால் மிகையில்லை. மாற்று மருந்து அட்ரோபின். ஊசியாகக் கொடுத்து, பலன் போதாவிட்டால் சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்குவார்கள். கண்மணி விரிந்ததா என்பதை மட்டும் பார்த்து நிறுத்துவதில்லை. ஸ்டெதஸ்கோப் வைத்தால் நெஞ்சில் நீர்ச்சத்தம் அடங்கியிருக்க வேண்டும், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் தேறியிருக்க வேண்டும். வீட்டில் கைவைத்தியம் பார்க்க இதில் நேரமே கிடையாது.

மற்றவற்றில் அடிப்படை நோய்க்கான சிகிச்சைதான் முதல். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு, காசநோய்க்கு அதன் கூட்டு மருந்துகள். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்றவை கிருமியைக் கொல்வதோடு சுரப்பையும் தணிக்கும். புற்றுநோயில், செல் வளர்ச்சியைத் தூண்டும் ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் இருந்தால் ஜெஃபிட்டினிப் போன்ற மாத்திரை சிலருக்கு விரைவாகவே சளியைக் குறைத்திருக்கிறது. இன்டோமெத்தசினை ஆவியாக உள்ளிழுக்க வைப்பது, ஆக்ட்ரியோடைட் ஊசி, கிளைகோபைரோலேட் ஆகியவையும் பயன்பட்டிருக்கின்றன, ஆனால் எல்லோருக்கும் பலிப்பதில்லை. சளியை இளக்கும் சிரப்பைக் கடையில் கேட்டு வாங்குவதில் அர்த்தம் இல்லை. ஏற்கெனவே தண்ணீராய் இருப்பதில் இளக்க என்ன இருக்கிறது? தூக்கம் வரவைத்து இருமலை அடக்கும் சிரப் இன்னும் மோசம், சளி உள்ளேயே தங்கிவிடும்.

மருத்துவரிடம் போகுமுன் ஒரு நாள் முழுக்க வரும் சளியை மூடியுள்ள அளவுக் குவளையில் சேர்த்து, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று குறித்துக்கொண்டு போகலாம். இரத்தம் கலந்தாலோ, இளஞ்சிவப்பாக நுரைத்து வந்தாலோ, மூச்சு முட்டினாலோ அந்த ஒரு நாளும் காத்திருக்கக்கூடாது.