மடங்கிய காசை நிமிர்த்தாதீர்கள்

போன மாதம் ஒருவர் என் மேசையில் சின்ன ஜிப் பை ஒன்றை வைத்தார். உள்ளே வெள்ளிக் காசு, இரண்டு துண்டாக. "மடங்கிக் கிடந்தது சார், குறடால் நிமிர்த்தினேன், பட்டென்று போய்விட்டது" என்றார். சனி, ஞாயிறானால் மெட்டல் டிடெக்டரோடு இங்கிலாந்து வயல்களில் இறங்குபவர். நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கித்தான் போயிருந்தார். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தும் இருந்தார். எழுத்துகளின் இடுக்கில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

துண்டுகளைப் பொருத்திப் பார்த்தேன். கிரீடம் வைத்த முகம், 'ஹென்ரிக்' என்ற பெயர். அது மட்டும் போதாது. நான்காம், ஐந்தாம், ஆறாம் ஹென்றி என்ற இங்கிலாந்து மன்னர்கள் மூவருமே எண் போடாமல் இதே பெயரைத்தான் பொறித்தார்கள். பின்பக்கம் நீண்ட சிலுவை, சுற்றி 'வில்லா கலிசியே'. அதாவது கலே நகரம்; 1347 முதல் 1558 வரை இங்கிலாந்தின் கையில் இருந்த துறைமுகம். கழுத்தின் இருபுறமும் குட்டி வளையம். அதுதான் ஆளைக் காட்டிக்கொடுத்தது: ஆறாம் ஹென்றி, 1420கள். நான்கு பென்னி மதிப்புள்ள கிரோட். அச்சடித்தபோது எடை 60 கிரெயின், ஏறத்தாழ 3.9 கிராம்.

சரி, அந்த மடிப்பு? ஏர் பட்டும் மடங்கியிருக்கலாம். ஆனால் அக்கால இங்கிலாந்தில் நோய், ஆபத்து என்று வந்தால் ஒரு புனிதரை வேண்டிக்கொண்டு காசை வளைப்பார்கள். பிறகு அதை அவர் கல்லறையில் காணிக்கையாகச் செலுத்த வேண்டும். இது செலுத்தாமல் போன நேர்த்திக்கடனா? மடிப்பின் உள்பக்கமும் வெளிப்பக்கத்தைப் போலவே கறுத்திருந்ததா என்று பார்த்திருந்தால், மடிப்பு பழையதா என்று ஓரளவு சொல்லியிருப்பேன். இப்போது இரண்டு பக்கமும் பளபளக்கிறது.

600 வருடம் மண்ணில் கிடந்த வெள்ளி பார்க்கத்தான் உலோகம். பிஸ்கட் மாதிரி ஒடியலாம். ஆகவே வளைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். எடுத்த இடத்திலேயே நின்று போனில் ஜிபிஎஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் கண்டெடுப்புப் பதிவுத் திட்டத்தின் உள்ளூர் அலுவலரிடம் காட்டுங்கள். 1997-இல் தொடங்கிய திட்டம் அது. ஒற்றைக் காசு பொதுவாக 1996 புதையல் சட்டத்துக்குள் வராது. அதே இடத்தில் 300 வருடம் தாண்டிய இன்னொரு வெள்ளிக்காசும் சேர்ந்து கிடைத்தால் கதையே வேறு. 14 நாளுக்குள் கரோனருக்கு, அதாவது புதையலையும் விசாரிக்கும் உள்ளூர் அதிகாரிக்கு, தெரிவித்தாக வேண்டும்.

எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று கேட்டேன். "வேலியோரம்... இல்லை, கொஞ்சம் மேலே" என்றார். பதிவில், 'மடங்கியிருந்ததாகக் கண்டெடுத்தவர் கூறுகிறார்' என்று எழுதிவிட்டு இரண்டு துண்டுகளையும் படம் எடுத்தேன்.