ஊதா மஃபின் ஏன் பச்சையானது?

போன வாரம் ஒரு வாசகி படம் ஒன்றை அனுப்பியிருந்தார். இரண்டாக வெட்டிய மஃபின். உள்ளே நாவல்பழத் துண்டுகள், அவற்றைச் சுற்றிப் பாசி படிந்தது போல ஒரு பச்சை. அவர்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. மைதா, கண்டென்ஸ்டு மில்க், எண்ணெய், பால், ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா எல்லாம் கலந்து, கொட்டை நீக்கிய நாவல்பழத்தைச் சேர்த்து ஓவனில் வைத்திருக்கிறார். உள்ளே போகும்போது ஊதா, வெளியே வரும்போது பச்சை. கணவர் பூஞ்சை என்றாராம். மாமியார், "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க, எடுத்துக் கொட்டிடும்மா" என்றாராம். 12 மஃபின்களும் குப்பைக்குப் போய்விட்டன. "சார், அது விஷமா?" என்று கேட்கிறார்.

இல்லை. தைரியமாகச் சாப்பிட்டிருக்கலாம். பூஞ்சை அரை மணி நேரத்தில் வளராது, 180 டிகிரி ஓவனில் பிழைக்கவும் செய்யாது. கண் பட்டு எந்தப் பண்டமும் நிறம் மாறியதில்லை. அந்தப் பச்சைக்குக் காரணம் அவர் போட்ட சோடாவும் அவர் வாங்கிய பழமும்தான். படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கால் கிலோ நாவல்பழம் வாங்கி வந்துவிட்டேன்.

முதலில் சோடா. ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். தயிர், மோர், எலுமிச்சை என்று ஏதாவது அமிலம் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும், மாவு உப்பும். இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அமிலம் போதவில்லை என்றால் என்ன ஆகும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. அப்போதும் மாவு உப்பும், ஏனென்றால் சூடு 80 டிகிரியை நெருங்கும்போது பைகார்பனேட் தானாகவே வேகமாகச் சிதையத் தொடங்கும். ஆனால் இரண்டு மூலக்கூறுகள் சிதைந்தால் ஒரே ஒரு கார்பன் டை ஆக்சைடுதான் கிடைக்கும். மீதி சோடியம் கார்பனேட்டாக மாவிலேயே தங்கிவிடும். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சலவை சோடா. பைகார்பனேட்டை விட நல்ல காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, உள்ள பொருள். சோடா கூடிப்போன கேக்கில் சோப்பு வாடை அடிப்பது இதனால்தான்.

ஒரு கப் மைதாவுக்குக் கால் டீஸ்பூன் சோடா போதும். ஒரு கப் புளித்த தயிர் ஏறத்தாழ அரை டீஸ்பூன் சோடாவைச் சமாளிக்கும். வாசகி ஒன்றரை கப் மாவுக்கு ஒரு டீஸ்பூன் போட்டிருக்கிறார், தயிரும் இல்லை. பால் கிட்டத்தட்ட நடுநிலையானது, அதை நம்பிப் பயனில்லை. அந்த மாவில் இருந்த ஒரே புளிப்பு நாவல்பழம் மட்டுமே.

நானும் அவர் சொன்ன அளவிலேயே ஒரு கிண்ணம் கலந்தேன். இன்னொரு கிண்ணத்தில் சோடாவைப் பாதியாக்கி, பாலுக்குப் பதில் ஒரு கப் புளித்த தயிர் ஊற்றினேன். இரண்டையும் ஒரே ஓவனில் ஒரே தட்டில் 20 நிமிடம் வைத்து, சூடு ஆறுவதற்கு முன்பே வெட்டிப் பார்த்தேன்.

தயிர் மஃபினில் பழத்தைச் சுற்றி இளஞ்சிவப்பு கலந்த ஊதா. சோடா மஃபினைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். பழத் துண்டின் நடுவில் இன்னும் சிவப்பு இருக்கிறது. அதன் ஓரத்தில் ஊதா. பழத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாவில் நல்ல நீலம், மையைத் தொட்டு வைத்தது போல. அதையும் தாண்டினால் பச்சை, மெல்ல வெளுத்து மாவின் நிறத்தோடு கலந்துவிடுகிறது. இத்தனையும் ஒரு விரல்நகத்தின் அகலத்துக்குள் முடிந்துவிடுகிறது.

பழம் வேகும்போது சாறு கசிந்து மாவுக்குள் ஊறுகிறது. பழத்துக்குள் அதன் அமிலம்தான் ஆள்கிறது. வெளியே வர வர, மாவில் மிஞ்சிய சோடா அந்த அமிலத்தைத் தின்றுகொண்டே போகிறது. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தள்ளினால் காரத்தின் ஆட்சி. ஆய்வகத்தில் பத்துச் சோதனைக் குழாய்களை வரிசையாக நிறுத்திக் காட்டுகிற நிறமாற்றத்தை, ஒரு பழத் துண்டு தன்னைச் சுற்றி வளையம் வளையமாக வரைந்து வைத்திருந்தது. நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நிறத்தைத் தரும் பொருளின் பெயர் ஆந்தோசயனின். பூ, நீலம் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1835இல் லுட்விக் மார்க்வார்ட் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர். நாவல்பழம், கறுப்புத் திராட்சை, ஊதா முட்டைக்கோஸ், செம்பருத்தி, சங்குப்பூ எல்லாவற்றிலும் இந்தக் குடும்பத்து மூலக்கூறுகள்தான் இருக்கின்றன.

இந்த மூலக்கூறில் மூன்று வளையங்கள். அவற்றின் பிணைப்புகள் ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி வருவதால், சில எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு கட்டுண்டு கிடக்காமல் மூலக்கூறு முழுவதும் ஊசலாடும். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு குட்டையாக இருந்தால் வேகமாக ஆடும், நீளமாக இருந்தால் மெதுவாக ஆடும். ஊஞ்சல் தன் வேகத்துக்கு ஒத்துத் தள்ளினால்தான் உயரப் போகும். அதுபோல, இந்த எலக்ட்ரான்களும் தங்களுக்கு ஒத்த அதிர்வெண் கொண்ட ஒளியை மட்டும் விழுங்கும், மீதியை விட்டுவிடும். விட்டுவிட்ட ஒளிதான் நம் கண்ணுக்கு நிறமாகத் தெரிகிறது.

அமிலத்தில் ஹைட்ரஜன் அயனிகள், அதாவது புரோட்டான்கள், ஏராளம். அங்கே ஆந்தோசயனின் தன் புரோட்டான்களை விடாமல் நேர்மின் சுமையோடு இருக்கும். அப்போது அது பச்சை ஒளியை விழுங்கும், நமக்குச் சிவப்பாகத் தெரியும். அமிலம் குறையக் குறைய ஒரு புரோட்டான் கழன்று போகும். ஒரே ஒரு புரோட்டான்தான். அது போனதும் எலக்ட்ரான்களுக்கு ஊஞ்சல் கயிறு நீண்டது போல ஆகிவிடும். இப்போது விழுங்குவது மஞ்சள், ஆரஞ்சுப் பக்கத்து ஒளியை. நமக்குத் தெரிவது ஊதா. காரம் கூடி இன்னொரு புரோட்டானும் போனால் நீலம். ஹைட்ரஜன் அணுவின் கருவேயான ஒரு துகள் இடம் மாறுவதை, எந்தக் கருவியும் இல்லாமல், சமையலறை மேடையில் நின்றபடி வெறும் கண்ணால் பார்க்கிறோம்!

நாவல்பழம் தின்ற குழந்தையின் நாக்கைப் பார்த்திருப்பீர்கள். பழச்சதை இளஞ்சிவப்பாக இருந்தாலும் நாக்கு நீல ஊதாவாகிவிடும். எச்சில் நடுநிலைக்கு அருகில் இருப்பதால், அங்கேயும் புரோட்டான் கழன்றிருக்கிறது. பள்ளிச் சட்டையில் பட்ட நாவல் கறைக்கு அம்மா சோப்புப் போட்டதும் அது நீலமாகி இன்னும் மோசமாகத் தெரிந்ததும் இதனால்தான்.

சரி, நீலம் புரிகிறது. பச்சை எங்கிருந்து வந்தது? இதற்கு இரண்டு காரணங்கள். காரம் மேலும் கூடினால் ஆந்தோசயனினின் நடு வளையமே பிளந்து, மஞ்சள் நிறமான சால்கோன் என்ற பொருளாகும். அதோடு, மைதாவிலேயே ஃபிளேவோன் என்ற நிறமிகள் கொஞ்சம் உண்டு. சாதாரணமாக அவை கண்ணுக்குத் தெரிவதில்லை, காரம் பட்டால் மஞ்சளாகும். காரம் சேர்த்துப் பிசையும் சீன நூடுல்ஸ் முட்டை இல்லாமலே மஞ்சளாக இருப்பது இதனால்தான். மாவு மஞ்சள், ஊறிய சாறு நீலம். இரண்டும் சேர்ந்தால் பச்சை.

இந்த நிறமாற்றத்தை முறையாக எழுதி வைத்தவர் ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி. 1664இல் வெளியான நிறங்களைப் பற்றிய தன் நூலில், வயலட் பூவின் பாகில் அமிலம் விட்டால் சிவப்பாகும், காரம் விட்டால் பச்சையாகும் என்று சொல்லி, ஒரு பொருள் அமிலமா காரமா என்று கண்டுபிடிக்க இதையே வழியாகக் காட்டினார். 360 ஆண்டுகளுக்கு முன் அவர் பார்த்த அதே பச்சைதான் வாசகியின் மஃபினில் இருந்தது. பிறகு 1913 வாக்கில் ஜெர்மானிய வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் சிவப்பு ரோஜாவையும் கார்ன்ஃபிளவர் என்ற நீலப் பூவையும் ஆராய்ந்து, இரண்டிலும் இருப்பது சயனிடின் என்ற ஒரே நிறமி என்று காட்டினார். தாவர நிறமிகள் பற்றிய ஆய்வுகளுக்காக 1915இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரோஜாவில் அமிலம், கார்ன்ஃபிளவரில் காரம் என்று அவர் எண்ணியது மட்டும் சரியில்லை. அந்தப் பூவின் நீலத்துக்கு இரும்பு, மக்னீசியம் போன்ற உலோக அயனிகள் காரணம் என்று பின்னால் வந்தவர்கள் நிறுவினார்கள். அறிவியலில் இப்படி நடப்பதுதான் எனக்குப் பிடித்தது. நோபல் வாங்கியவர் சொன்னார் என்பதற்காக யாரும் அதோடு நிறுத்திக்கொள்வதில்லை.

கண் பட்டது என்ற பேச்சுக்கு வருகிறேன். மாமியாரை நான் குறை சொல்லமாட்டேன், காரணம் தெரியாத இடத்தில் பயம் வருவது இயல்பு. அந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். உங்கள் வீட்டில் செய்வினை இருக்கிறது என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தை அறுத்து ரத்தம் வரவைத்துக் காட்டும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கத்தியில் முன்கூட்டியே செம்பருத்திப் பூவைத் தேய்த்துக் காயவைத்திருப்பார்கள். காய்ந்த கறை கத்தியில் சட்டென்று தெரியாது. எலுமிச்சைச் சாறு பட்டதும் கரைந்து செக்கச்செவேல் என்று வடியும். செம்பருத்தியில் இருப்பதும் ஆந்தோசயனின்தான். மஃபினில் பச்சையானது அங்கே சிவப்பாகிறது, அவ்வளவுதான். இதை நம்பிப் பரிகாரத்துக்கு நகையை அடகு வைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் ஊர் ஊராக நடத்தும் 'மந்திரமா தந்திரமா' நிகழ்ச்சிகள் எல்லாப் பள்ளிகளிலும் நடக்க வேண்டும் என்று நான் விரும்புவது இதனால்தான்.

இனி, பச்சையாகாமல் எப்படிச் சுடுவது? புளித்த தயிர் சேர்த்து, சோடாவைப் பாதியாக்குங்கள். அல்லது சோடாவை விட்டுவிட்டு, ஒரு கப் மாவுக்கு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடுங்கள், அதில் தேவையான அமிலம் ஏற்கெனவே கலந்திருக்கிறது. எதைப் போட்டாலும் மைதாவோடு இரண்டு முறை சலித்துவிடுங்கள். கரையாத சோடாக் கட்டி இருக்கும் இடத்தில்தான் பச்சைத் திட்டு அழுத்தமாக வரும். பழத்தைக் கடைசியில் சேர்த்து நாலு கிளறலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரேயடியாகப் புளிப்பாக்கிவிடவும் வேண்டாம், மேல்பக்கம் பொன்னிறமாகச் சிவக்கக் கொஞ்சம் காரத்தன்மை உதவும். மாம்பழ மஃபினுக்கு இந்தக் கவலையே இல்லை. அதன் மஞ்சள் கரோட்டீனால் வருவது, கரோட்டீனுக்கு இழக்கப் புரோட்டான் கிடையாது.

மஃபினுக்கு அப்பாலும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருப்பது தெரிந்து தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ரெட் 3 என்ற செயற்கைச் சிவப்பை உணவில் சேர்ப்பதற்கான அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். உலகமே இயற்கை நிறங்களைத் தேடுகிறது. இப்படி மாவிலும் பாலிலும் நிறம் மாறிவிடுவதுதான் ஆந்தோசயனினுக்குப் பெரிய தடை. 2021இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மார்ஸ் நிறுவன ஆய்வாளர்களும் சேர்ந்து, ஊதா முட்டைக்கோஸின் ஆந்தோசயனினிலிருந்து நிலையான நீலம் எடுக்கும் வழியை வெளியிட்டார்கள். நம் ஊரில் ஆனி, ஆடியில் நாவல்பழம் மரத்தடியில் கொட்டி மிதிபட்டுப் போகிறது. மைசூரிலும் தஞ்சாவூரிலும் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்கள் இருக்கின்றன. மாவட்டக் கல்லூரிகளிலும் இந்த வேலையைத் தொடங்க முடியும். அதற்கு, ஒரு பொருள் எந்த நிற ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் ஒன்றும், அதைப் பழுதில்லாமல் வைத்திருக்க ஆண்டுதோறும் கொஞ்சம் பணமும் போதும். அந்தக் கொஞ்சம் பணம் ஒழுங்காக வந்து சேராததால் மூடிக் கிடக்கும் கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். மனது வலிக்கிறது.

வாசகிக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பச்சை வந்தால் கொட்டாதீர்கள். மஃபினை வெட்டி, பச்சை வளையத்தின் மேல் ஒரே ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, உங்கள் மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள். நான் விட்டுப் பார்த்தேன். முதலில் சொட்டு விழுந்த இடத்தில் நுரைக்கிறது, மிச்சமிருந்த சோடா. அப்புறம் பச்சை நீலமாகிறது, நீலம் ஊதாவாகிறது. கழன்ற புரோட்டான்கள் திரும்பி வருகின்றன. பத்து விநாடியில் அந்த இடம் மட்டும் இளஞ்சிவப்பாகிவிட்டது.