மனப்பாடத்தைக் கழித்தபின் எவ்வளவு ஆங்கிலம்?

வகுப்பில் நடத்தி முடித்த பாடத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்து ஐந்து கேள்வி கேட்கிறோம். நாலுக்குச் சரியாக விடை எழுதிய பிள்ளைக்கு ஆங்கிலம் வாசித்தால் புரிகிறது என்று முடிவு கட்டுகிறோம். அந்த நாலு மதிப்பெண்ணைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பல சரக்கு கிடக்கும்: ஆசிரியர் தமிழில் சொன்ன கதைச் சுருக்கம், கைடில் படித்த விடை, கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதும் பழக்கம். வாசித்துப் புரிந்தது என்பது இவையெல்லாம் போக மிஞ்சுவது. கேட்டுப் புரிதலின் நிலை இன்னும் மோசம். பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வு முழுக்க எழுத்துத் தேர்வு. கேள்வித்தாளில் இடமில்லாத பயிற்சி, ஜனவரி மாதத்துக்குப் பிறகு வகுப்பிலும் இடமில்லாமல் போகிறது.

வாசிப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு 1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் எளிய சூத்திரம் கொடுத்தார்கள். எழுத்தைக் கண்டு சொல்லாக அடையாளம் காணும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. வாசித்துப் புரிதல் இவ்விரண்டின் பெருக்கல். கூட்டல் இல்லை என்பதுதான் முக்கியம். எழுத்தறிதல் 0.9, மொழிப் புரிதல் 0.4 என்றால் கிடைப்பது 0.36. ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை. தங்குதடையில்லாமல் உரக்க வாசிக்கும் பிள்ளை, என்ன வாசித்தாய் என்று கேட்டதும் விழிப்பது மொழிப் புரிதலில் உள்ள குறை. ஆசிரியர் வாசித்தால் புரிகிறது, தானே வாசித்தால் புரியவில்லை என்பது எழுத்தறிதலில் உள்ள குறை. முதல் பிள்ளைக்குச் சொல்வளமும் வாக்கிய அமைப்பும் வேண்டும்; இரண்டாம் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் பயிற்சி வேண்டும். கேட்டலையும் வாசித்தலையும் தனித்தனியாக அளக்காமல் இரண்டு பிள்ளைகளையும் பிரித்தறிய முடியாது.

வாசிப்புத் தேர்வில் முதல் வேலை, பிள்ளைகள் முன்பு பார்த்திராத பத்தியைத் தேர்வது. ஒன்பதாம் வகுப்புக்கு 200 முதல் 250 சொல் போதும். துணையில்லாமல் வாசித்துப் புரிய, பத்தியில் உள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது வாசிப்பு ஆய்வுகளில் பரவலாகக் கையாளப்படும் அளவு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று புதிதாக இருக்கலாம். 250 சொல் பத்தியில் ஐந்து. 95 சதவீதத்துக்கு இறங்கினால் தெரியாத சொல் பன்னிரண்டு பதின்மூன்று ஆகிவிடும். அப்போது அளக்கப்படுவது பெரும்பாலும் சொல்லறிவுதான். பத்தியில் சந்தேகமான இருபது சொற்களை எடுத்துத் தேர்வெழுதாத இன்னொரு பிரிவுப் பிள்ளைகள் பத்துப் பேரிடம் பொருள் கேட்டால், இந்தக் கணக்கு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அடுத்தது பொருள். பிள்ளைகளுக்குப் பழக்கமான விஷயமாக இருக்கட்டும் என்று நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளம் சரணாலயப் பறவைகளைப் பற்றிப் பத்தி எழுதுவது நல்ல எண்ணந்தான். ஆனால் அந்த வட்டத்துப் பிள்ளைக்குப் பறவைகள் எப்போது வரும், ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு ஏன் வெடி போடுவதில்லை என்பதெல்லாம் பத்தியைத் திருப்பிப் பார்க்காமலே தெரியும். அதே பத்தியை மாஞ்சோலை மலைப் பிள்ளையிடம் கொடுத்தால் உண்மையாகவே வாசித்தாக வேண்டும். ஒரே கேள்வி ஓரிடத்தில் வாசிப்பையும் இன்னோரிடத்தில் ஊர் அறிவையும் அளக்கிறது. பனிச்சறுக்கு பற்றிய பத்தி இரண்டு இடத்திலும் தப்பு. அங்கே சொல்லுக்குப் பொருள் தெரிந்தாலும் மனதில் காட்சி எழாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பத்தியைக் கொடுக்காமல் கேள்விகளையும் விடைத்தெரிவுகளையும் மட்டும் வேறொரு பிரிவுக்குக் கொடுத்துப் பாருங்கள். நாலு தெரிவு இருந்தால் கண்ணை மூடிக் குறித்தாலே கால்வாசிப் பேர் சரியாக விழுவார்கள். அறுபது சதவீதம் பேர் சரியாகக் குறித்தால் அந்தக் கேள்விக்குப் பத்தி தேவைப்படவில்லை என்று பொருள். தூக்கிப் போட வேண்டியதுதான். கேள்வித்தாள் தயாரிப்பில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேறு சோதனை இல்லை. இதை நடத்தும் பள்ளிகளோ மிகக் குறைவு.

கேள்வி எழுதுவதில் நுட்பம் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். பத்தியில் இப்படி ஒரு வரி ஆங்கிலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘தி மேன் ஹூ சோல்டு தி போட் டு தி ஃபிஷர்மேன் வென்ட் டு உவரி’. உவரிக்குப் போனது யார் என்பது கேள்வி. தடுமாறும் வாசகர்கள் மீனவர் என்று குறிப்பார்கள். காரணம் தமிழின் அமைப்பில் இருக்கிறது. ‘மீனவரிடம் படகை விற்ற ஆள் உவரிக்குப் போனார்’ என்று நாம் சொல்லும்போது, விளக்கமெல்லாம் முன்னால் வந்துவிடும். போன ஆளும் போன வினையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்துவிடுகிறார், விளக்கம் நடுவே நுழைகிறது, ‘வென்ட்’ என்ற வினைக்குப் பக்கத்தில் மீனவர் போய் நின்றுகொள்கிறார். தமிழ்ப் பழக்கத்தில் பக்கத்தில் நிற்பவரை எடுத்துக்கொள்ளும் பிள்ளை தவறுகிறது. ஆகவே மீனவர் என்ற தவறான தெரிவு வெறும் நிரப்பல் ஆகாது. அதைக் குறித்தவர்களின் பட்டியல்தான், அடுத்த வாரம் பெயரெச்ச வாக்கியங்களை யாருக்குத் திரும்ப நடத்த வேண்டும் என்ற பட்டியல். ஒவ்வொரு தவறான தெரிவும் இப்படி ஒரு குறிப்பிட்ட தவறான வாசிப்பிலிருந்து பிறந்திருக்க வேண்டும். யாருமே தொடாத தெரிவு தாளை வீணாக்குகிறது.

கேள்வியில் பத்தியின் சொல்லையே திரும்பப் பயன்படுத்தக் கூடாது. பத்தியில் வாங்குவதற்கு ‘பை’ என்றிருந்தால் கேள்வியில் ‘பர்ச்சேஸ்’ என்று வரட்டும். அப்போதுதான் வரியைப் பெயர்த்து எழுதும் வித்தை செல்லாது. குறுவிடைக் கேள்வி கேட்பதானால் விடையைத் தமிழில் எழுத அனுமதிக்கலாம், அனுமதிக்கவும் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், புரிந்தும் எழுதத் தெரியாத பிள்ளையும் புரியாத பிள்ளையும் ஒரே பூஜ்யத்தில் போய் உட்காருவார்கள். எழுத்துத்திறனுக்குத் தனிக் கேள்விகள் இருக்கின்றன. அதை இங்கே இழுத்து வரத் தேவையில்லை.

கேட்டல் தேர்வு இதைவிடச் சிக்கலானது. வாசிப்பவர் வரியைத் திரும்பிப் பார்க்கலாம். காதில் விழுந்த சொல் போனால் போனதுதான். ஆங்கிலம் பேசுபவர்கள் இயல்பாக நிமிடத்துக்கு 150 சொல்லுக்கு மேல் பேசுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான பதிவை 120 முதல் 130 சொல்லில் வைக்கலாம். வேகத்தைக் குறைக்க ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பேசக் கூடாது, வாக்கியங்களுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும். இழுத்துப் பேசினால் ஆங்கிலத்தின் உண்மையான சிக்கல் மறைந்துவிடும். அந்தச் சிக்கல், அழுத்தம் இல்லாத சொற்கள் தேய்ந்து போவது. எழுத்தில் ‘கேன்’ என்று படித்த சொல் வாக்கியத்துக்குள் ‘க்கன்’ என்று கரைந்துவிடும். அதன் எதிர்மறை மட்டும் முழு ஒலியோடு நிற்கும். முடியும் என்றாரா முடியாது என்றாரா என்பதே அந்த ஒலி வேறுபாட்டில் தொங்குகிறது. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டுக்கும் வேறுபாடு பெரும்பாலும் அழுத்தம் விழும் இடத்தில்தான். ‘பின்’ என்று தமிழில் ஒரே மாதிரி எழுதுவது ஆங்கிலத்தில் குண்டூசியும் ஆகும், குப்பைத்தொட்டியும் ஆகும். இருந்தாலும் ஒலி ஜோடிகளை மட்டும் கேட்பது கேட்டுப் புரிதல் தேர்வாகாது. வாக்கியச் சூழலில் குண்டூசியையும் குப்பைத்தொட்டியையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. கேள்விகள் எண், எதிர்மறை, யார் யாரிடம் சொன்னார் என்பவற்றில் நிற்கட்டும்.

திருநெல்வேலி ஜங்ஷன் அறிவிப்பு இதற்கு அருமையான மாதிரி. சென்னை செல்லும் வண்டி வழக்கமாக ஒன்றாம் நடைமேடையிலிருந்து புறப்படும், இன்று மூன்றாம் நடைமேடையிலிருந்து நாற்பது நிமிடம் தாமதமாகப் புறப்படும் என்று ஆங்கிலத்தில் பதிவு செய்கிறோம். இன்று எந்த நடைமேடை? ஒன்று என்று குறித்தவர் முதலில் கேட்ட எண்ணைப் பிடித்துக்கொண்டார், ‘வழக்கமாக’ என்பதை விட்டுவிட்டார். நாலு என்று குறித்தவருக்கு ‘ஃபார்ட்டி’யின் முதல் பாதி மட்டும் காதில் நின்றது. தெரிவுகள் ஒற்றை எண்ணாகவோ இரண்டு மூன்று சொல்லாகவோ இருக்க வேண்டும். நீளமான தெரிவுகளைக் கொடுத்தால், பதிவு ஓடும்போதே பிள்ளை தெரிவுகளை வாசித்துக்கொண்டிருக்கும். கேட்டல் தேர்வு வாசிப்புத் தேர்வாகிவிடும்.

கேள்விகளை முதலில் பார்க்க அரை நிமிடம் கொடுத்துவிட்டுப் பதிவை இரண்டு முறை ஓட்டுவது பள்ளிக்குப் பொருத்தம். கேம்பிரிட்ஜ் நடத்தும் பி1 நிலை, அதாவது இடைநிலை ஆங்கிலத் தேர்வில் இரண்டு முறை ஓட்டுகிறார்கள். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் ஒரே முறைதான். ஆசிரியரே நேரில் வாசிப்பது எளிது என்றாலும் ஏ பிரிவுக்கு வாசித்த வேகம் பி பிரிவுக்கு இருக்காது, முக்கியமான சொல் வரும்போது குரல் தானாக உயரும். ஒருமுறை செல்போனில் பதிவு செய்து எல்லாப் பிரிவுக்கும் அதையே ஓட்டுவதுதான் நியாயம். வாசிக்க எழுதிய பாடத்தை அப்படியே பதிவு செய்யக் கூடாது. காதுக்கு எழுதும் ஆங்கிலத்தில் வாக்கியம் குட்டையாக இருக்கும், முக்கியச் செய்தி இரண்டு முறை வரும்.

பிறகு அறை. வகுப்பறையில் பேச்சு, இரைச்சலைவிட 15 டெசிபலாவது உயர்ந்து நிற்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் இறங்கும். அறைக்குள் அவ்வளவு இறங்காது, ஆனால் வெறும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி சொற்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசிவிடும். ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டே இருக்கும். ஐப்பசி மழை தகரக் கூரையில் இறங்கினால் எந்த ஒலிபெருக்கியும் எடுபடாது. மின்விசிறியைச் சில நிமிடம் நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கியை மேசை மேல் வைக்காமல் பிள்ளைகளின் தலை உயரத்துக்கு மேலே, முடிந்தால் அறையின் நடுப்பகுதிக்கு அருகே வைக்கலாம். தேர்வுக்கு முன் எல்லோருக்கும் தெரிந்த பத்துச் சொற்களை ஓட்டிக் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். முன் பெஞ்சில் பத்தும் சரி, கடைசி பெஞ்சில் ஆறுதான் சரி என்றால் அன்று தேர்வு வைக்காதீர்கள்.

திருத்தி முடித்த பின் கேள்விகளுக்கும் மதிப்பெண் போட வேண்டும். அறுபது பேர் எழுதியிருந்தால் மேலிருந்து 27 சதவீதம், கீழிருந்து 27 சதவீதம், அதாவது பதினாறு பதினாறு தாள்களை எடுங்கள். 27 என்பது 1939-இல் ட்ரூமன் கெல்லி கணக்கிட்டுக் காட்டிய அளவு. ஒரு கேள்வியை மேல் குழுவில் 14 பேரும் கீழ்க் குழுவில் 6 பேரும் சரியாகச் செய்திருந்தால், எளிமைக் குறியீடு, அதாவது சரியாகச் செய்தவர்களின் பங்கு, 20/32, சுமார் 0.63; நன்றாகப் படிப்பவர்களையும் தடுமாறுபவர்களையும் பிரித்தறியும் திறன் (14 – 6)/16, அதாவது 0.5. நல்ல கேள்வி. பிரித்தறியும் திறன் 0.2-க்குக் கீழே போனால் கேள்வியைத் திருத்த வேண்டும். மேல் குழுவில் 5, கீழ்க் குழுவில் 9 என்று எதிர்மறையாக வந்தால், பெரும்பாலும் விடைக்குறிப்பு தவறு அல்லது இரண்டு தெரிவுகள் சரி. நன்றாகப் படிப்பவர்கள்தான் இரண்டாவது சரியான விடையைக் கண்டுபிடித்திருப்பார்கள். அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

எத்தனை கேள்வி வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. நம்பகத்தன்மை என்பது திரும்பத் தேர்வு வைத்தாலும் மதிப்பெண் எவ்வளவு மாறாமல் நிற்கும் என்பதைப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே சொல்லும் அளவு. பத்துக் கேள்வித் தேர்வின் நம்பகத்தன்மை 0.5 என்றால், அதே தரத்தில் இருபது கேள்வி ஆக்கும்போது 0.67, நாற்பதில் 0.8. இருபது மதிப்பெண் தேர்வில் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 4, நம்பகத்தன்மை 0.67 என்றால் ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் ஏறத்தாழ 2.3 பிழை இருக்கிறது. 11 வாங்கியவளையும் 13 வாங்கியவளையும் தரம் பிரிப்பதற்கு ஆதாரமே இல்லை. நாலு தெரிவுள்ள இருபது கேள்வியில் 5 மதிப்பெண் குருட்டாம்போக்கிலேயே வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாசிப்பில் நல்ல மதிப்பெண், கேட்டலில் மட்டும் மிகக் குறைவு என்று ஒரு பிள்ளை வந்தால், ஆங்கிலப் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் அதே அளவு தமிழ்ப் பத்தி ஒன்றைப் பதிவு செய்து, முகத்தைக் காட்டாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும். தமிழிலும் தடுமாறினால் பெற்றோரிடம் சொல்லி, அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்புங்கள். லேசான செவிக்குறை உள்ள பிள்ளைகள் உதட்டசைவைப் பார்த்தே பல வருடம் சமாளித்துவிடுவார்கள். பதிவு செய்த குரல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். குறை உறுதியானால் கேட்டல் பகுதியில் பூஜ்யம் போட்டுக் கூட்டக் கூடாது. அந்தப் பகுதியையே விலக்கிவிட்டு, வாசிப்பு மதிப்பெண்ணை மட்டும் சதவீதமாக்கிப் பதிய வேண்டும். காது கேளாதோருக்கு நூறாண்டுக்கு மேலாகப் பள்ளி நடக்கும் பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் பள்ளிகளில், இந்த ஒரு விலக்கைத் தேர்வு விதிகளில் எழுதி வைக்க யாருடைய உத்தரவும் தேவையில்லை.